ரொந்தாவில் கவுன்சிலர் ஆனவர்கள்: ஒரு நிலக்கரிப் பள்ளத்தாக்கின் உள்ளாட்சித் தேர்தல் வரலாறு

தெற்கு வேல்ஸில் பெரிய ரொந்தா, சின்ன ரொந்தா என்று இரண்டு ஆறுகள். இரண்டும் போர்த் என்ற ஊரில் கூடுகின்றன. 1851 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மலைப் பங்கு (திருச்சபை வட்டாரம்) முழுவதிலும் இருந்தவர்கள் 951 பேர்தான். ஆடும் மாடும் வளர்த்துப் பிழைத்த ஊர்கள். 1921 கணக்கில் அதே இடத்தில் 1,62,717 பேர். எழுபது வருடத்தில் அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது நிலக்கரி.

இந்த வட்டாரத்தின் தேர்தல் வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: முதலில் லிபரல் கோட்டை, பிறகு லேபர் கோட்டை. அந்த வரி தவறில்லை, ஆனால் அதில் ஒன்றும் இல்லை. இங்கே ஒருவர் கவுன்சிலர் ஆவதும் ஆகாமல் போவதும் பெரும்பாலும் வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே முடிவான விஷயம். பட்டியலில் யார் பெயர் ஏறியது, பகல் நேரக் கூட்டத்துக்கு யாரால் வர முடிந்தது, சுரங்கத் தொழிற்சங்கக் கிளை யாரை நிறுத்தியது என்பதைப் பொறுத்தது அது. ஜெயித்து உள்ளே போன பிறகு இன்னொரு கேள்வி காத்திருந்தது: வரிப்பணத்தை இவர்கள் இஷ்டப்படி செலவு செய்ய லண்டன் விடுமா? இவற்றையெல்லாம் பார்க்காமல் முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால், ஊர் முழுக்க ஒரே மனதாக இருந்தது போலத் தோன்றும். ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

ரொந்தாவுக்கு முதலில் கிடைத்த உள்ளாட்சி அமைப்பு 1877-இல் வந்த சுகாதார வாரியம். இஸ்ட்ராடவோடூக் என்ற பழைய பங்கின் பெயரில் அமைந்தது. சாக்கடை, குடிநீர், தெரு, விளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. அதற்கும் தேர்தல் உண்டு, ஆனால் இன்றைய பொருளில் அல்ல. 1875 பொதுச் சுகாதாரச் சட்டப்படி வாக்கு சொத்தின் மதிப்பைப் பொறுத்தது. 50 பவுண்டுக்குக் கீழே ஒரு வாக்கு. ஒவ்வொரு 50 பவுண்டுக்கும் ஒன்று கூடி, 250 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் ஆறு வாக்கு. அந்தச் சொத்துக்கு உரிமையாளரும் அவர்தான், அனுபவிப்பவரும் அவர்தான் என்றால் இரண்டு கணக்கிலும் ஆறாறு சேர்ந்து பன்னிரண்டு. சுரங்கத் தொழிலாளியின் வரிசை வீட்டின் ஆண்டு மதிப்பு 50 பவுண்டின் பக்கத்தில்கூட வராது. ஆக அவருக்கு ஒன்று, கம்பெனிக்காரருக்குப் பன்னிரண்டு.

வாக்குச்சாவடியும் கிடையாது. வாக்குச்சீட்டை ஆள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். சில நாள் கழித்து இன்னொரு முறை வந்து வாங்கிப் போவார். 1872-லேயே நாடாளுமன்றத்துக்கும் நகராட்சிகளுக்கும் ரகசிய வாக்குமுறை வந்துவிட்டது. சுகாதார வாரியங்களுக்கு வரவில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாரியத்தில் நிற்பவருக்கும் சொத்துத் தகுதி உண்டு: மக்கள்தொகை 20,000-ஐத் தாண்டிய இடங்களில் 1,000 பவுண்ட் சொத்து, அல்லது 30 பவுண்ட் வரிமதிப்புள்ள கட்டடம். அந்தக் காலத்து ரொந்தாவில் சாக்கடை வருவதற்கு முன்பே வீடுகள் வந்துவிட்டன, கழிவு ஆற்றில் போயிற்று. வாரியத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

1894 சட்டம் இதையெல்லாம் புரட்டிப் போட்டது. வாரியம் நகர மாவட்ட கவுன்சில் ஆனது. 1897-இல் அதற்கு ரொந்தா என்ற பெயரும் வந்தது. ஒருவருக்கு ஒரு வாக்கு. சொத்துத் தகுதி ஒழிந்தது. பெண்களும் நிற்கலாம் என்றானது. கவுன்சிலரின் காலம் மூன்று வருடம். மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் விலகி, வசந்த காலத்தில் தேர்தல். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை வாக்குப்பதிவு கட்டாயம் நடக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். பகல் ஷிப்டு முடித்துக் கரித்தூளோடு ஏறி வருகிறவனுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் தேர்தல்.

இந்த மூன்றில் ஒரு பங்கு ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு வார்டில் மூன்று இடம் இருந்தால் வருடத்துக்கு ஒன்றுதான் காலியாகும். கோபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரே தேர்தலில் கவுன்சிலைக் கவிழ்க்க முடியாது. குறைந்தது இரண்டு வருடம் அதே கோபத்தைத் தக்கவைக்க வேண்டும். சிறிய கட்சிகளுக்கு இது கடும் பாதகம். ஒரே இடத்துக்கு நேருக்கு நேர் மோத வேண்டும், இரண்டாம் இடத்துக்கு ஒன்றும் கிடையாது.

அப்போது இருந்த கல்வி வாரியத் தேர்தல் இதற்கு நேர் எதிர். எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவருக்கும். அத்தனையையும் ஒரே ஆளுக்குக் கொட்டலாம். சிறுபான்மையினர் தங்கள் வாக்குகளை ஒரே ஆளிடம் குவித்து ஒரு இடத்தைப் பிடித்துவிடுவார்கள். கல்வி வாரியங்களை 1902 சட்டம் ஒழித்ததோடு அந்த முறையும் போயிற்று. ஒருவிதமான விகிதாசாரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

வாக்காளர் பட்டியல் விவகாரம் இன்னும் நுட்பமானது. உள்ளாட்சி வாக்கு வீட்டோடு ஒட்டியது. வீட்டுக்காரருக்கு உண்டு. அந்த வீட்டிலேயே அறை எடுத்துத் தங்கும் இளைஞனுக்குப் பெரும்பாலும் இல்லை. ரொந்தாவில் தங்கும் ஆட்கள் இல்லாத தெருவே கிடையாது. மேற்கு இங்கிலாந்திலிருந்தும் வடக்கு வேல்ஸிலிருந்தும் வந்த கல்யாணமாகாத பையன்கள் ஒரு வீட்டில் மூன்று நான்கு பேராக இருப்பார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த படுக்கையில் இரவு ஷிப்டுக்காரன் படுப்பான். சங்கத்தில் சத்தமாகப் பேசியவர்களில் பாதிப்பேர் இந்த வயதுக்காரர்கள். கவுன்சில் தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர் கணக்கிலேயே இல்லை.

வீடு இருந்தாலும் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். கரியடுக்கு மோசமானால் அடுத்த சுரங்கத்துக்கு மாறுவது சாதாரணம். மாறினால் பட்டியலில் பெயர் போச்சு. 1894 சட்டம் கல்யாணமான பெண்களுக்கும் வாக்கு உண்டு என்றது, ஆனால் ஒரே சொத்தின் பேரில் புருஷன் பெண்சாதி இருவருக்கும் கிடையாது என்றும் சொன்னது. ஆக நடைமுறையில் விதவைகளும் தனியாகக் குடித்தனம் நடத்தும் பெண்களும்தான் வாக்காளர்கள்.

1918-இல் நாடாளுமன்ற வாக்கு இருபத்தொரு வயது ஆண்கள் எல்லாருக்கும் வந்தது. உள்ளாட்சிக்கு அப்போதும் வீடோ, தட்டுமுட்டுச் சாமான் இல்லாமல் வாடகைக்கு எடுத்த அறையோ வேண்டும். சாமானோடு கூடிய அறையில் தங்கினால் இல்லை. வீட்டுக்காரரின் மனைவிக்கு முப்பது வயதானால் வாக்கு. ஒரு இளைஞன் லண்டனுக்கு யாரை அனுப்புவது என்று சொல்லலாம். தன் தெருச் சாக்கடையைப் பார்க்க யாரை அனுப்புவது என்று சொல்ல முடியாது. இரண்டு பட்டியலும் ஒன்றானது 1945-இல்தான். சுரங்கங்கள் தேசியமயமாவதற்கு வெறும் இரண்டு வருடம் முன்பு. ரொந்தாவின் பெரிய போராட்டங்கள் எல்லாம் நடந்த காலத்தில் அதன் இளம் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் கவுன்சில் வாக்காளர்களே அல்ல என்பதை வரலாறு எழுதுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

சரி, பட்டியலில் பெயர் ஏறியது. யார் நிற்பது?

கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டப்படியும் கிடையாது. வருமான இழப்புக்கு ஈடு கொடுக்கும் சட்டம் 1948-இல்தான் வந்தது. கமிட்டிக் கூட்டங்கள் பெந்த்ரேயில் இருந்த கவுன்சில் அலுவலகத்தில், பெரும்பாலும் பகலில். கரி வெட்டுகிறவன் ஒரு ஷிப்டு விட்டால் அன்றைய கூலி போகும். அடிக்கடி விட்டால் மேனேஜர் அவன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பார். அதனால்தான் ஆரம்பக் காலக் கவுன்சில்களில் கடைக்காரர், டாக்டர், பாதிரியார், சுரங்க மேனேஜர் என்று பகலைத் தன் கையில் வைத்திருந்தவர்களே நிறைந்திருந்தார்கள்.

இந்தச் சுவரை உடைத்தவர் எடைக் கண்காணிப்பாளர். தெற்கு வேல்ஸ் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். வெட்டியவனுக்குக் கூலி டன் கணக்கில். ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் வெட்டியவனின் எண்ணைச் சாக்கட்டியால் எழுதி மேலே அனுப்புவார்கள். சுரங்க வாயில் எடைமேடையில் வண்டி ஏறும். கம்பெனியின் எடைக்காரர் ஒரு பக்கம் நின்று ஒரு புத்தகத்தில் எழுதுவார். வண்டியின் எடையைக் கழிப்பார். கல்லும் தூளும் கலந்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். பல சுரங்கங்களில் தூள் கரியைப் பிரித்து அளக்க ஒரு சல்லடைக் கருவி இருந்தது. பில்லி ஃபேர்ப்ளே என்று அதற்குப் பெயர். சல்லடையில் விழுந்த தூளுக்குக் கூலி இல்லை. கம்பெனி அதை விற்றுக்கொள்ளும்.

இந்த மேடையின் மறுபக்கத்தில் இன்னொரு புத்தகத்தோடு நிற்பவர்தான் எடைக் கண்காணிப்பாளர். தொழிலாளிகளே வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சம்பளம் அவர்களுடைய கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. 1887 சுரங்கச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது: கம்பெனி தன் இஷ்டத்துக்கு அவரை நீக்க முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். கணக்குத் தெரிந்தவர், நூற்றுக்கணக்கான பேர் கூலியை ஒப்படைத்து நம்பியவர், தரைக்கு மேலே வேலை செய்பவர், கம்பெனியால் பழிவாங்க முடியாதவர். சொந்த ஆட்கள் ஒத்துக்கொண்டால் அரைநாள் கூட்டத்துக்குப் போய்வரலாம். ஒரு கவுன்சிலருக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு பதவியில் கூடியிருந்தது. தொழிலாளர் தரப்பில் கவுன்சிலுக்கு வந்தவர்களில் எடைக் கண்காணிப்பாளரும் சங்கத்தின் முழுநேர ஏஜென்டும் இத்தனை பேர் இருந்ததற்கு இதுதான் காரணம். கொள்கையைவிடப் பிழைப்பின் அமைப்பு பெரிய பங்கு வகித்தது என்பேன்.

1885-இல் ரொந்தாவிலிருந்து நாடாளுமன்றம் போன வில்லியம் ஆபிரகாம், சங்கத் தலைவராக இருந்துகொண்டே லிபரல் பக்கம் உட்கார்ந்தவர். மாபன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அரசுத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவச் சபைகளின் மூப்பர்களும் லிபரல் கடைக்காரர்களும் சுரங்கத் தலைவர்களும் ஒரே மேடையில் நின்ற காலம் அது. 1898-இல் ஆறு மாதம் நீண்ட கதவடைப்பில் தொழிலாளிகள் தோற்றார்கள். அந்தத் தோல்வியில்தான் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. 1908-இல் பிரிட்டன் முழுமைக்குமான சுரங்கச் சம்மேளனம் லேபர் கட்சியோடு இணைய முடிவு செய்தபின், பழைய கூட்டணி மெல்லப் பிரிந்தது.

அதற்குப் பிறகு வேட்பாளர் தேர்வு நடந்த விதம் இது. ஒவ்வொரு சுரங்கத்திலும் சங்கத்துக்கு ஒரு கிளை. கிளைக் கூட்டம் ஒரு பெயரை முன்மொழியும். ஒரு வார்டில் இரண்டு மூன்று சுரங்கத்து ஆட்கள் கலந்து குடியிருந்தால் கிளைக்கு ஒரு பெயர் வரும். ஆசிரியர் சங்கம், ரயில்வே சங்கம் இவையும் பெயர் கொடுக்கும். பெயர்கள் வார்டு கமிட்டிக்கோ தொழிற்சங்கக் கூட்டு கவுன்சிலுக்கோ போய் வாக்கெடுப்பில் ஒன்று தேறும். பெரிய சுரங்கத்துக் கிளைக்கு ஆள் பலம் அதிகம். அதன் ஆள்தான் பெரும்பாலும் தேறுவார். தேறியவருக்கு எதிராகச் சொந்தக் கட்சியில் தோற்றவர் சுயேச்சையாக நிற்பதுதான் அடிக்கடி வந்த சிக்கல். ‘சுயேச்சை’ என்று பழைய முடிவுகளில் வருகிற பெயர்களை எல்லாம் எதிர்க்கட்சி என்று எண்ணிவிடக் கூடாது.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. அந்த அனுமதி 1969-இல்தான் வந்தது. அதுவரை பெயர், முகவரி, தொழில். வேல்ஸில் டேவிஸ், எவன்ஸ், ஜோன்ஸ், தாமஸ், வில்லியம்ஸ் என்ற ஐந்தாறு குடும்பப் பெயர்களுக்குள்ளே பாதி ஊர் அடங்கிவிடும். ஒரே சீட்டில் இரண்டு எவன்ஸ் இருந்தால் யார் நம்மவர்? அதனால்தான் அங்கே வீடு வீடாகப் போவது வெறும் பிரச்சாரம் அல்ல. எந்த வரிசையில் இருக்கும் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும் என்று மாதிரிச் சீட்டைக் கையில் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும்.

மாவட்டத்துக்கு மேலே கிளமார்கன் கவுண்டி கவுன்சில். 1889 ஜனவரியில் அதற்கு முதல் தேர்தல். தொழிலாளிகளுக்கு இது ஏன் முக்கியம் என்பதை 1910 காட்டியது. கேம்ப்ரியன் கூட்டுக் கம்பெனியின் சுரங்கங்களில் சுமார் 12,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது நவம்பரில் டோனிபாண்டியில் கலவரம் வெடித்தது. தடியடி நடத்திய போலீஸ் கவுண்டிப் போலீஸ். அதை மேற்பார்த்த கமிட்டியில் பாதிப்பேர் கவுண்டி கவுன்சிலர்கள், மீதிப் பாதி மாஜிஸ்ட்ரேட்டுகள். 1919-இல் லேபர் கட்சி கிளமார்கன் கவுண்டியை வென்றது. ஆனாலும் டோனிபாண்டியில் போலீசை நடத்திய தலைமைக் கான்ஸ்டபிள் லயனல் லிண்ட்சே 1936 வரை அதே நாற்காலியில் இருந்தார். வாக்குகளால் அந்தக் கமிட்டியில் பாதியைத்தான் தொட முடிந்தது.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் உடைந்தது. கவுன்சிலின் வருமானம் கட்டடங்களின் ஆண்டு மதிப்பின்மேல் பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங் என்று விதிக்கும் வரி. சுரங்கத்தின் மதிப்பை அது வெட்டியெடுத்த டன்னைக் கொண்டு கணக்கிட்டார்கள். உற்பத்தி ஓடும்போது கம்பெனி வரி கொட்டும். உற்பத்தி நின்றால் மதிப்பும் விழும், அதே சமயம் உதவி கேட்டு வருவோர் கூட்டம் பெருகும். வரவு குறையும் நாளில்தான் செலவு ஏறும். அந்தப் பள்ளத்தை நிரப்ப வீடுகளின் வரியை ஏற்றுவார்கள். ரொந்தாவில் கட்டடச் சங்கங்கள் மூலம் சீட்டுக் கட்டுவது போலப் பணம் கட்டிச் சொந்த வீடு சேர்த்த சுரங்கத் தொழிலாளிகள் ஏராளம். வரி ஏறினால் அடி அவர்கள்மேலும்தான். வரிசெலுத்துவோர் சங்கம் என்ற பெயரில் நின்ற எதிரணிக்குத் தொழிலாளி வீடுகளிலேயே வாக்கு விழுந்தது இதனால்தான். அவர்களைக் கம்பெனியின் கையாட்கள் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

ஏழைகளுக்கு உதவி வழங்கியது தனி அமைப்பு, பாதுகாவலர் வாரியம். ரொந்தா பொன்டிப்ரீத் வாரியத்தின் கீழ். 1898 கதவடைப்பின்போது மெர்தர் வாரியம் வேலையில்லாத தொழிலாளிகளுக்கு உதவி கொடுத்தது. வரிசெலுத்துபவர்கள் என்ற தகுதியில் கம்பெனித் தரப்பு வழக்குப் போட, 1900-இல் தீர்ப்பு வந்தது: வேலை இருந்தும் போகாத, உடல் வலுவுள்ள ஆணுக்கு உதவி தரக் கூடாது, பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தரலாம். இந்தத் தீர்ப்பு 1926 வரை துரத்தியது. அந்த வருடம் மே மாதம் தொடங்கிய கதவடைப்பு ஏழு மாதம். சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லைனின் சுற்றறிக்கை அளவு நிர்ணயித்தது: பெண்ணுக்கு வாரம் 12 ஷில்லிங், குழந்தைக்கு 4 ஷில்லிங். ஆணுக்கு ஒன்றுமில்லை. ஏழு மாதம் ஒரு குடும்பம் அதில் எப்படிச் சாப்பிட்டது என்பதை அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அடுத்து நடந்ததன் கோபம் புரியும்.

கிழக்கே மன்மத்ஷையரில் பெட்வெல்ட்டி வாரியத்தில் லேபர் பெரும்பான்மை. தாராளமாகக் கொடுத்தார்கள், கடன் வாங்கிக் கொடுத்தார்கள். 1926-இல் அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து, 1927 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வாரியத்தையே ஒதுக்கிவிட்டுத் தன் ஆணையர்களை உட்கார வைத்தது. இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாமுக்கும் செஸ்டர்-லீ-ஸ்ட்ரீட்டுக்கும் இதே கதி. ஊர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது, லண்டன் வேறொருவரை நியமித்தது. அதே 1927-இல் வந்த தணிக்கைச் சட்டப்படி, சட்டவிரோதச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லி 500 பவுண்டுக்கு மேல் ஒருவர்மேல் விதிக்கப்பட்டால் ஐந்து வருடம் பதவிக்கு நிற்க முடியாது. இன்னொரு பூட்டும் இருந்தது: தேர்தலுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏழை நிவாரணம் வாங்கியவர் கவுன்சிலராக முடியாது. பட்டினியில் கை நீட்டியவன் அந்தப் பட்டினியைப் பற்றிப் பேச நாற்காலிக்கு வர முடியாது. இதைவிடக் கொடுமையான விதியை உள்ளாட்சிச் சட்டத்தில் நான் பார்த்ததில்லை.

அந்தச் சூழலில்தான் அனைரின் பெவன் போன்றவர்கள் தேறினார்கள். ட்ரடீகர் கவுன்சிலுக்கு 1922-இல் அவர் வரும்போது வயது 24. 1928-இல் கவுண்டி கவுன்சில். பின்னாளில் தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அமைச்சர் கமிட்டி வேலை கற்றது இந்தப் பள்ளத்தாக்குக் கவுன்சில்களில்.

ரொந்தாவின் மேல்முனையில் மேர்டி. ஆர்தர் ஹார்னரின் ஊர். ‘சின்ன மாஸ்கோ’ என்று பத்திரிகைகள் பேர் வைத்த இடம். 1930-இல் அதன் சங்கக் கிளையைச் சம்மேளனமே வெளியேற்றியது. கடனுக்காக வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய வந்தவர்களைத் தடுத்த வழக்கில் ஹார்னருக்கு 15 மாதம் சிறை. வெளியே வந்து 1933 மார்ச்சில் ரொந்தா கிழக்கு இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்றார்: லேபரின் மெயின்வாரிங் 14,127, ஹார்னர் 11,228. 1945-இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹாரி பாலிட் நின்று வெறும் 972 வாக்கில் தோற்றார். இவ்வளவு வாக்கு வாங்கிய கட்சி கவுன்சிலில் சில இடங்களோடு நின்றுபோனது ஏன்? வருடத்துக்கு வார்டுக்கு ஓர் இடம் என்ற முறையில், மேர்டி போலத் திரண்டிருந்த இடத்தில் மட்டுமே ஜெயிக்கலாம். மற்ற வார்டுகளில் முப்பது சதவீதம் வாங்கினாலும் பூஜ்யம்தான். அதற்கு மேலே வேலையில்லாத இளைஞர்கள் உள்ளாட்சிப் பட்டியலுக்கு வெளியே.

இருந்தும் சிலர் உள்ளே வந்தார்கள். க்ளைடாக் வேலில் எடைக் கண்காணிப்பாளராக இருந்த லூயிஸ் ஜோன்ஸ் 1936-இல் கவுண்டி கவுன்சிலர் ஆனார். ஸ்பெயின் குடியரசுக்காக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தபோதே 1939 ஜனவரியில் இறந்தார். ஆசிரியையான ஆனி பவல் பல முறை தோற்று 1955-இல் ஜெயித்தார். 1979-இல் ரொந்தாவின் மேயர். பிரிட்டனின் முதல் பெண் கம்யூனிஸ்ட் மேயர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். கட்சி தேய்ந்த பிறகும் ஆளுக்காக விழுந்த வாக்கு அது.

பெண்களைப் பற்றிச் சொன்னால் கவுன்சிலுக்குச் சிரமம்தான். 1920-களின் தொடக்கத்தில் லேபர் ஆதிக்கத்தில் இருந்த ரொந்தா கவுன்சில், கல்யாணமான ஆசிரியைகள் ஐம்பது பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. வேலையில்லாக் காலத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு சம்பளம் எதற்கு என்ற வாதம். ஆசிரியைகள் 1923-இல் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். அதே பள்ளத்தாக்கில்தான் எலிசபெத் ஆண்ட்ரூஸ் இருந்தார். சுரங்க வாயிலில் குளியலறை வேண்டும் என்று 1919-இல் நிலக்கரித் தொழிலை விசாரித்த சாங்கி ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர். வீட்டில் அண்டா அண்டாவாக வெந்நீர் தூக்கிப் பெண்கள் படும் பாட்டை நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார். கிளமார்கன் கவுண்டி கவுன்சிலின் முதல் பெண் உறுப்பினர் 1925-இல்தான் வந்தார், பக்கத்து அபர்டேரின் ரோஸ் டேவிஸ்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல வார்டுகளில் போட்டியே இல்லை. வேட்புமனு முடிந்த மதியமே தேர்தலும் முடிந்தது. 1955-இல் ரொந்தா நகராட்சி அந்தஸ்து பெற்று மேயரும் ஆல்டர்மன்களும் வந்தார்கள். ஆல்டர்மன்களை ஊர் தேர்ந்தெடுக்காது, கவுன்சிலர்களே ஆறு வருடத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே கட்சி நிறைந்த அவையில் அது மூப்பு வரிசையில் போய்விடும். ஆசிரியர் நியமனம் கவுன்சிலர்கள் கையில் இருந்ததால் சிபாரிசுப் பேச்சு ஓயாமல் இருந்தது. உள்ளே எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லை. அந்தத் தலைமுறை லேபர் கவுன்சில்கள் வீடும் பள்ளியும் கட்டியதை மனதாரப் பாராட்டுகிறவன் நான், ஆனாலும் இந்தக் குறையை மறைக்க முடியாது. லண்டனோடு பழைய மோதல் மட்டும் மாறவில்லை. 1972-இல் வாடகை உயர்வுச் சட்டத்தை மறுத்த பெட்வாஸ் மெக்கன் கவுன்சிலுக்கு அரசு மறுபடி ஆணையரை அனுப்பியது.

எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த 1967-இல் ரொந்தா மேற்கு இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 10,067 வாக்கு வாங்கி, லேபரின் வித்தியாசத்தை 2,306-க்கு இறக்கியது. 1976-இல் மெர்தர் கவுன்சிலையே பிடித்தது. ரொந்தாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990 டிசம்பரில் மூடியது. 1996-இல் ரொந்தா, கனன், டாஃப்-எலை மூன்றும் சேர்ந்து ரொந்தா கனன் டாஃப் என்ற ஒரே கவுன்சில் ஆயின. 1999 மே மாதம், வேல்ஸ் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்த அதே நாளில், பிளைட் கம்ரி அந்தக் கவுன்சிலை வென்றது. எடைக் கண்காணிப்பாளரும் சுரங்கக் கிளையும் இல்லாத ஊரில், லேபருக்கு வாக்கு இருந்தாலும் அதைத் திரட்டிக் கொண்டுவர ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள். 2004-இல் லேபர் மீண்டது. 75 இடத்தில் 2012-இல் 60, 2017-இல் 47, 2022-இல் 59. 2022-இல் பதினாறு வயதினரும் வாக்களித்தார்கள். 2021 சட்டம் ஒவ்வொரு கவுன்சிலும் விரும்பினால், வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிடும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறைக்கு மாறலாம் என்கிறது. அடுத்த தேர்தல் 2027 மே.

இந்த வரலாற்றை மூலத்திலேயே தோண்ட விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ரொந்தா கவுன்சிலின் நடவடிக்கைக் குறிப்புகள் கார்டிஃபில் உள்ள கிளமார்கன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வேல்ஸ் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ‘ரொந்தா லீடர்’ அதில் உண்டு. ஏப்ரல் இதழ்களில் தேடுங்கள். ஒரு முடிவைப் பார்த்ததும் முதலில் அந்த வார்டில் அன்று எத்தனை இடம் காலி என்று பாருங்கள். பிறகு ஜெயித்தவரின் தொழிலை. ‘போட்டியின்றி’ என்று இருந்தால் அதற்கு ஒரு மாதம் முந்தைய இதழுக்குப் போய்ச் சங்கக் கிளைக் கூட்டச் செய்தியைத் தேடுங்கள், உண்மையான போட்டி அங்கே அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். வாக்கு எண்ணிக்கையை ஊர் மக்கள்தொகையோடு ஒப்பிட வேண்டாம். அந்த வருடத்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.